சல்லடையாருக்கு நாம் செய்தது

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, ஆலை மேலாளர் அவர்களே, முன்வரிசைக்கு வரும்படி எத்தனை முறை அழைத்தும் மறுத்துவிட்டு, மூன்றாவது வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் எங்கள் அண்ணி அவர்களே, மூன்று ஷிப்டிலிருந்தும் வந்து இந்த உணவுக்கூடத்தை நிரப்பியிருக்கும் தோழர்களே, தோழியரே, எல்லோருக்கும் என் வணக்கம்.

இருபது வருடமாகச் சங்கச் செயலாளராக இந்த ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று பழகியவன் நான். எந்த வரிக்குக் கைதட்டல் விழும், எந்த வரிக்குப் பின்பக்கத்திலிருந்து விசில் வரும் என்று தெரிந்துகொண்டு பேசுகிறவன். இன்றைக்குத் தயவுசெய்து யாரும் கைதட்ட வேண்டாம். பாதியில் எழுந்து போகத் தோன்றினால் போகலாம். கோபம் வந்தால் காட்டலாம். அதற்கு நான் தகுதியானவன்தான்.

சல்லடையாரின் இந்த இரங்கல் கூட்டத்துக்காகச் சங்க அலுவலகத்தில் எனக்கு இரண்டு பக்கத்துக்கு ஓர் உரையைத் தட்டச்சு செய்து கொடுத்தார்கள். ‘அயராத உழைப்பாளி’ என்று இருக்கிறது. ‘ஆலையின் ஆணிவேர்’ என்று இருக்கிறது. உண்மைதான். ஆனால் தோழர்களே, அந்த ஆணிவேரைப் பதினோரு வருடத்துக்கு முன்னால் இதே கூடத்தில் வைத்துப் பிடுங்கி வெளியே எறிந்தது யார்? நாம்தானே! பிறகு எந்த வாயால் அந்த இரண்டு பக்கத்தைப் படிப்பேன்? மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். நடந்ததைச் சொல்லப் போகிறேன்.

இங்கே பல பேர் கடந்த இரண்டு வருடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். உங்களுக்கு அவரைத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தாலும், மதில்சுவருக்கு வெளியே முழங்கால் வரை கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு வாய்க்காலில் குனிந்து நிற்கும் ஒரு வயதான மனிதராகத்தான் தெரிந்திருக்கும். யாரோ பைத்தியம் என்றுகூட நினைத்திருப்பீர்கள். அவர் முப்பத்து நான்கு வருடம் இந்த ஆலையின் தலைமை பிட்டர், இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். இந்த ஆலையில் ஓடும் மோல்டிங் இயந்திரங்களில் அவர் கைபடாத ஒன்று உண்டா? ஸ்க்ரூடிரைவரின் முனையை மோட்டார் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். மருத்துவர் நெஞ்சைச் சோதிப்பது போல. “என்னம்மா, காலையிலேயே முனகுற? எங்க வலிக்குது?” என்று இயந்திரத்திடம் பேசுவார். சொல்லி வைத்தாற்போல அந்த பேரிங்தான் போயிருக்கும். வீட்டில் மிக்சி ரிப்பேர் ஆனால் மட்டும் ஒரு மாதம் கிடக்குமாம். அண்ணி சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணன். எனக்கு வேலை கற்றுக் கொடுத்தவர் வேறொருவர். ஆனால் முதல் நாள் கையுறை இல்லாமல் சூடான அச்சைத் தொடப் போன என் கையைத் தட்டிவிட்டவர் அவர்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

நாம் செய்வது பாட்டில் மூடியும் வாளியும். அதற்கான மூலப்பொருள் மூட்டையில் வருகிறது. வெள்ளை வெளேர் என்று, பயறு அளவில், வழவழவென்று. நாம் அதைக் குருணை என்கிறோம். கையில் எடுத்தால் விரலிடுக்கில் வழிந்துவிடும். கீழே கொட்டினால் நடப்பவன் வழுக்கி விழுவான். தண்ணீரில் போட்டால் மிதக்கும். மிதக்கும் என்பதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் பெரிய மழை. முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. வாய்க்கால் எங்கோ அடைத்திருக்கிறது, பிட்டரைக் கூப்பிடு என்றார்கள். அண்ணன் கம்பியை எடுத்துக்கொண்டு மதில் ஓரமாகப் போய், மூடியைத் தூக்கிக் குத்தினார். அடைப்பு உடைந்து, வெள்ளையாக ஏதோ குபுகுபுவென்று ஓடியதாம். முதலில் நுரை என்று நினைத்திருக்கிறார். குனிந்து அள்ளினால், குருணை! அடைப்பை எடுத்தவர் அப்படியே வந்திருக்கலாம். நாமாக இருந்தால் வந்திருப்போம். அவர் மழையில் நனைந்தபடி, மதிலுக்கு வெளியே, வாய்க்கால் போன வழியே நடந்தார். நானூறு காலடி. அப்புறம் கடல். அலை வந்து திரும்பும் இடத்தில், நீளத்துக்கு, யாரோ சுண்ணாம்புக் கோடு போட்டது போல வெள்ளையாக இருந்ததாம்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் என் முன்னால் ஒரு டப்பாவை வைத்துத் திறந்தார்.

“தம்பி, இதுல எது மணல், எது நம்ம சரக்குன்னு பிரிச்சுக் காட்டு.”

“என்னண்ணே, பீச்சுக்குப் போய் மணல் அள்ளி விளையாடுற வயசா உங்களுக்கு?”

“நான் மணல் அள்ளலப்பா. நம்ம சரக்கைத்தான் அள்ளினேன். மணல் கூட ஒட்டிக்கிட்டு வந்துருச்சு.”

நான் சிரித்தேன். “விடுங்கண்ணே. கடல் எவ்வளவு பெருசு! இது எந்த மூலைக்கு? நாலு நாள்ல கரைஞ்சு போயிடும்.”

“எது, இதா? நம்ம வாளியில தண்ணி ஊத்தி வச்சா வாளி கரையுதா?”

டப்பாவை மூடித் தள்ளி வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். தோழர்களே, என் முதல் தவறு அது. சின்னத் தவறுதான். பெரியது பின்னால் வருகிறது.

அடுத்த ஒரு வாரம் அவர் தன் இடைவேளைகளில் எல்லாம் இறக்குமேடையில் போய் நின்றார். எங்கே சிந்துகிறது என்று பார்த்தார். மூட்டை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் கொம்பு குத்தி மூட்டை கிழிகிறது. கிழிந்த மூட்டையை அப்படியே தூக்கிக்கொண்டு போகிறோம், வழிநெடுகச் சிந்துகிறது. ஷிப்ட் முடியும்போது ஹோஸ் பைப்பைத் திறந்து தரையைக் கழுவிவிடுகிறோம். தரை பளபளக்கிறது. மேலாளர் பாராட்டுகிறார். சிந்தியதெல்லாம் வாய்க்கால் வழியாகக் கடலுக்கு! “தரையைக் கழுவுறோம்னு நினைச்சுக்கிட்டு, கடலுக்குப் பரிமாறிக்கிட்டு இருக்கோம்” என்றார் அண்ணன்.

அவர் கேட்டது என்ன? ஆலையை மூடச் சொன்னாரா? இல்லை! உற்பத்தியைக் குறைக்கச் சொன்னாரா? இல்லை! “முதல்ல கூட்டுங்க, அள்ளுங்க. அப்புறம் வேணும்னா கழுவுங்க. கிழிஞ்ச மூட்டைக்கு உடனே டேப் ஒட்டுங்க. அவ்வளவுதான்.” பத்து நிமிட வேலை. ஆனால் ஷிப்ட் முடிகிற நேரத்தில் பத்து நிமிடம் என்றால் நமக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒருவர்கூடச் செய்யவில்லை. அவர் யாரையும் திட்டவில்லை. கழித்துப் போட்ட கம்பிவலையை எடுத்து, இரும்புச் சட்டம் அடித்து, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்து, வாய்க்காலின் வாயில் கச்சிதமாக உட்காரும்படி ஒரு சல்லடை செய்தார். தண்ணீர் போகும், குருணை நிற்கும். முதல் வாரம் மட்டும் அந்தச் சல்லடையில் நின்றது இரண்டு வாளி நிறைய!

அன்றிலிருந்து அவருக்குச் சல்லடை என்று பெயர் வைத்தோம். “என்ன சல்லடை, வீட்ல மாவு சலிக்கிற வேலையும் உங்களுக்குத்தானா?” என்று கேட்போம். “எனக்கு எங்கப்பா குடுக்குறாங்க? உங்க அண்ணிக்கு என் வேலை மேல சந்தேகம்” என்பார். கேலி செய்தவனே வெட்கப்படும்படி சிரிப்பார். இன்றைக்கு அவரைச் சல்லடையார் என்று மரியாதையாகச் சொல்கிறோம். அது கேலியில் பிறந்த பெயர் என்பதைப் புதியவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்போதிருந்த மேலாளரிடம் மூன்று முறை எழுதிக் கொடுத்தார். மூன்று முறையும் ‘பார்க்கலாம்’ என்று பதில். நம் வாசலுக்கு எதிரே மீன் விற்கும் அம்மா ஒருநாள் அவருக்காக ஒரு மீனை நறுக்கும்போது, வயிற்றுக்குள்ளிருந்து வெள்ளையாக மூன்று மணிகள் விழுந்தன. அந்த அம்மா விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, “இது என்னங்க, முட்டை மாதிரி இருக்கு, நசுங்க மாட்டேங்குது?” என்று கேட்டிருக்கிறார். அண்ணன் எங்களிடம் வந்து சொன்னார்: “அந்த அம்மாவுக்கே முட்டை மாதிரி தெரிஞ்சா மீனுக்கு எப்படித் தெரியும்? பாவம், அது நம்பித் தின்னிருக்கு.” நாங்கள் சிலர் சிரித்தோம். சிலர் அந்த வாரம் மீன் வாங்கவில்லை. யாரும் கூட்டி அள்ளவில்லை.

அதன் பிறகுதான் அவர் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். மறைந்திருந்து எழுதவில்லை. தன் பெயர், தன் பணி எண் போட்டு எழுதினார். ‘வாய்க்காலில் நான் வைத்திருக்கும் சல்லடையை வந்து பாருங்கள், அதில் நிற்பதே சாட்சி’ என்று எழுதினார். அதிகாரி ஒரு வெள்ளிக்கிழமை வருவதாகத் தகவல் வந்தது.

ஆலைக்குள் பயம் பரவியது. அந்தப் பழைய மேலாளர் சங்க நிர்வாகிகளான எங்களைக் கூப்பிட்டு, “இழுத்துப் பூட்டிட்டா முந்நூறு பேரும் தெருவுலதான் நிக்கணும். உங்க ஆளுக்கு நீங்களே சொல்லிப் புரிய வையுங்க” என்றார். அவ்வளவுதான் சொன்னார். சல்லடையை எடு என்று அவர் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் செய்ததற்கு இன்னொருவர் மேல் பழி போட எனக்கு வழியே இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை, ஷிப்ட் தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்னால், நான் தனியாக அந்த வாய்க்காலுக்குப் போனேன். சல்லடை நிறைந்திருந்தது. இரண்டு கைப்பிடியையும் பிடித்துத் தூக்கினேன். கனமாக இருந்தது. அதில் நின்றிருந்த குருணையை ஒரு சாக்கில் கொட்டவாவது எனக்குத் தோன்றியதா? இல்லை! வாய்க்காலிலேயே கவிழ்த்தேன். அது மிதந்து போவதை நின்று பார்த்தேன். சல்லடையைச் சாக்கில் சுற்றி, எங்கள் கலவைப் பிரிவின் நீல டேப்பால் கட்டி, கம்ப்ரசர் அறைக்குப் பின்னால் தகரங்களுக்கு அடியில் செருகினேன். கை கழுவினேன். வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டேன்.

ஆம், தோழர்களே. நான்தான். இவ்வளவு வருடமாக உங்களில் யாருக்கும் தெரியாது. இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

பத்து மணிக்கு அதிகாரி வந்தார். அண்ணன் சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். ஆர்வமாக முன்னால் நடந்தார். வாய்க்காலின் மூடியைத் தூக்கினார். உள்ளே பார்த்தார். குனிந்து, கையை விட்டுத் துழாவினார். சுத்தமான தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“இங்கதான் சார் இருந்துச்சு. நேத்து சாயங்காலம்கூடப் பார்த்தேன்.”

“எங்கங்க இருக்கு?”

“இங்கதான் சார்…”

அதிகாரி என் பக்கம் திரும்பினார். “சங்கச் செயலாளர் நீங்கதானே? இங்க சல்லடை ஏதாவது பார்த்திருக்கீங்களா?”

“அப்படி எதுவும் இல்ல சார்” என்றேன்.

பழைய தோழர்கள் நாற்பது பேர் அங்கே நின்றிருந்தோம். சல்லடை எங்கே போனது என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் அப்படியொன்று இருந்தது என்று தெரியாதா? அந்தப் பெயரைச் சொல்லித்தானே தினமும் அவரைக் கூப்பிட்டோம்! ஒரே ஒரு வாய் திறந்ததா? ஒன்றுகூட இல்லை. அண்ணன் எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அதிகாரி கோப்பை மூடினார். ஆதாரமற்ற புகார் என்று எழுதிவிட்டுப் போனார்.

அது போதாதென்று, அந்த வாரமே இதே கூடத்தில் கூட்டம் போட்டோம். ‘பொய்ப் புகார் கொடுத்துத் தொழிலாளர் நலனுக்குக் கேடு செய்தவர்’ என்று தீர்மானம். எழுதியது என் கை. இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்று கேட்டார். நேரமில்லை என்று சொன்னது என் வாய். கைகள் உயர்ந்தன. உறுப்பினர் அட்டையை எடுத்து மேஜையின் மேல் வைத்தார். “நாலாம் நம்பர் மெஷின் நிக்குது. நான் போகலாமா?” என்று கேட்டார். போய் அந்த இயந்திரத்தை ஓட வைத்தார். சங்கத்திலிருந்து நீக்கிய அடுத்த அரை மணி நேரத்தில், நம் வேலைக்காக, நம் இயந்திரத்தை!

அதன் பிறகு அவர் சாப்பிடும் மேஜையில் யாரும் உட்காரவில்லை. இதோ, அந்த ஜன்னலோரம். ஒன்பது வருடம், ஓய்வு பெறும் நாள் வரை, தனியாகச் சாப்பிட்டார். ஆனால் தோழர்களே, அவர் நிறுத்தினாரா? மறு வாரமே இன்னொரு சல்லடை செய்தார். தினமும் ஷிப்டுக்கு அரை மணி நேரம் முன்னால் வந்து, சேர்ந்ததை அள்ளி, காய வைத்து, மறுசுழற்சித் தொட்டியில் கொட்டிவிட்டு வேலைக்குப் போனார். விடுமுறை நாளில் அண்ணியும் அவரும் கடற்கரைக்குப் போவார்கள். மற்றவர்கள் காற்று வாங்கப் போவார்கள். இவர்கள் கையில் முறத்தோடு. ஒருமுறை தூரத்திலிருந்து பார்த்தேன். அலை ஒதுக்கிய குப்பையின் நடுவில் இரண்டு பேரும் உட்கார்ந்து, ஏதோ பேசிச் சிரித்தபடி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். மூடிகள், குருணை, நாம் செய்த வாளியின் உடைந்த பிடி. நான் வேறு வழியாகத் திரும்பிப் போய்விட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வெள்ளிக்கிழமைக்கு இரண்டு வருடம் கழித்து, எங்கள் கலவை இயந்திரம் சிக்கிக்கொண்டது. சரிசெய்ய அவர் வந்தார். நானும் அவரும் மட்டும். அரை மணி நேரம் ஸ்பேனர் சத்தம்தான். சொல்லிவிடலாம், இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வந்தது என்ன தெரியுமா?

“டீ சாப்பிடுறீங்களாண்ணே?”

“வேணாம்ப்பா.” நட்டை இறுக்கிக்கொண்டே சொன்னார்: “கம்ப்ரசர் ரூம் பின்னாடி ஒரு சல்லடை கிடந்துச்சு. நல்ல வலை, வீணாப் போக வேணாம்னு எடுத்துக்கிட்டேன். ரெண்டாவது வாய்க்கால்ல போட்டிருக்கேன். உங்க செக்‌ஷன் நீல டேப்பு சுத்தியிருந்துச்சு. அதைப் பிரிக்கத்தான் பெரும்பாடு.”

கோபம் இல்லை, குத்தல் இல்லை. வானிலையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். கருவிப் பெட்டியை மூடினார். “ஓட்டிப் பாரு” என்றார். ஓடியது. போய்விட்டார். ஒரு வார்த்தை, ‘மன்னிச்சிடுங்கண்ணே’ என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல எனக்கு என்ன கேடு? சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை. அவர் ஓய்வு பெற்ற நாளிலும் சொல்லவில்லை. அன்றைக்கு நாம் ஒரு பிரிவு உபசாரம்கூட நடத்தவில்லை. வாசல் காவலர் மட்டும் எழுந்து நின்று கைகொடுத்தார்.

ஓய்வு பெற்றவருக்கு உள்ளே அனுமதி கிடையாது. ஆகவே சல்லடைகளை மதிலுக்கு வெளியே, வாய்க்கால்கள் ஒன்றாகச் சேரும் இடத்துக்கு மாற்றினார். இரண்டு வருடம், தினமும், வீட்டிலிருந்து நடந்து வந்து நம் குருணையை அள்ளினார். நாம் சிந்தினோம், அவர் அள்ளினார். நாம் கழுவினோம், அவர் அள்ளினார்!

பன்னிரண்டு நாளுக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தவர் அப்படியே சுவரோரம் சாய்ந்தார். இதயம் நின்றுவிட்டது. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்தது.

திங்கள் அள்ள ஆள் இல்லை. செவ்வாய் இல்லை. புதன்கிழமை மழை பெய்தது. முற்றத்தில் தண்ணீர் ஏறியது. வெளியே ஏதோ அடைத்திருக்கிறது என்று நம் ஆட்கள் மூன்று பேர் கொக்கியோடு போனார்கள். அடைத்துக்கொண்டிருந்த அவர் சல்லடைகளை இழுத்து எறிந்தார்கள். தண்ணீர் வடிந்தது. மூன்று நாள் குருணையும் போனது. அந்த மூவர் யார் என்று நான் கேட்கப் போவதில்லை. அவர்களுக்கு அது என்ன என்றே தெரியாது. தெரிந்தே செய்தவன் இங்கே நிற்கும்போது அவர்களை எப்படிக் கேட்பேன்? மழை விட்டதும் நான் கடற்கரைக்குப் போனேன். அவர் சொன்ன வெள்ளைக் கோட்டை அன்றுதான் முதன்முதலாக என் கண்ணால் பார்த்தேன். கால் வைக்க இடமில்லாமல் கிடந்தது. மூன்றே நாள், தோழர்களே! மூன்று நாளில் இவ்வளவு என்றால், பன்னிரண்டு வருடத்தில் அந்த ஒரு மனிதர் எவ்வளவைத் தடுத்து வைத்திருந்தார்! இதுவும் நம் ஒரு ஆலையின் சிந்தல் மட்டுமே. இந்தக் கரையோரச் சாலையில் நம்மைப் போல இன்னும் ஒன்பது ஆலைகள். உலகத்தில் எத்தனை கரையோரச் சாலைகள்!

நேற்று முன்தினம் அண்ணியின் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

“தெரியும்” என்றார்.

“எப்ப இருந்து அண்ணி?”

“அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே சொன்னாரு. யாரு எடுத்திருப்பாங்கன்னு உங்க மூஞ்சியிலயே தெரிஞ்சுதாம்.”

“அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“நானும் அதைத்தான் கேட்டுச் சண்டை போட்டேன். ‘அவன் பேசினா நாலு பேரு கேக்குறாங்க. அவனையும் வெளிய தள்ளிட்டா நாளைக்கு இதைப் பேச அங்க யாரு இருப்பா? என்னைக்காவது பேசுவான், விடு’ன்னாரு.” மூலையில் கிடந்த முறத்தை எடுத்துச் சுவரோரம் நிமிர்த்தி வைத்தார். “அவருக்குப் பெரிய மனசு. எனக்கு அந்த அளவுக்கு இல்ல. நான் உங்களை மன்னிக்கல. கூட்டத்துல அவரைப் புகழ வேணாம். நடந்ததைச் சொல்லுங்க, போதும்.”

அண்ணி, சொல்லிவிட்டேன். பதினோரு வருடம் தாமதமாக, அவர் காதில் விழாதபடிக்கு, சொல்லிவிட்டேன். எனக்கு மன்னிப்பு வேண்டாம். அதைக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை.

தலைவர் அவர்களே, நிகழ்ச்சி நிரலில் இரண்டு நிமிட மௌன அஞ்சலி என்று இருக்கிறது. அது வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவரோடு பேசாமல் இருக்கும் வேலையை நாம் முன்பே செய்து முடித்துவிட்டோம். அதற்குப் பதிலாக, அவரை நீக்கிய தீர்மானத்தை ரத்து செய்யும் தீர்மானத்தை இன்றே முன்மொழியுங்கள். என் பதவி விலகல் கடிதம் உங்கள் மேஜையில் இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு இன்று காலை ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். அந்தப் புகார் உண்மை, சாட்சியை ஒளித்தவன் நான் என்று என் பெயர், பணி எண் போட்டு எழுதியிருக்கிறேன். மேலாளர் அவர்களே, அதற்காக என் மீது எந்த நடவடிக்கை வந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் நீங்கள் எங்களுக்கு ஒன்றிரண்டைச் செய்து கொடுக்க வேண்டும். இறக்குமேடையிலிருந்து அந்த ஹோஸ் பைப்பைக் கழற்றிவிடுங்கள். உறிஞ்சி அள்ளும் இயந்திரம் ஒன்று வாங்கிக் கொடுங்கள். வாய்க்கால்களின் எல்லா வாயிலும் நிரந்தரமாகச் சல்லடை வேண்டும். ஒவ்வொரு ஷிப்டும் அதை அள்ளிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டுக் கலைய வேண்டும். கிழியாத, கெட்டியான மூட்டையில் சரக்கு அனுப்பச் சொல்லி விற்பவர்களுக்கு எழுதுங்கள். இது எதுவும் என் யோசனை இல்லை. அண்ணன் எழுதிக் கொடுத்து, ‘பார்க்கலாம்’ என்று பதில் வந்த அந்த மூன்று கடிதங்களில் இருப்பவை. அலுவலகக் கோப்பில் தேடி எடுத்தேன். ஒரு வார்த்தையைக்கூட மாற்றத் தேவையிருக்கவில்லை.

தோழர்களே, நாம் பிளாஸ்டிக் செய்து சாப்பிடுகிறவர்கள். பிளாஸ்டிக்கே வேண்டாம் என்று முழங்க எனக்கு நாக்கு வராது. அவரும் அப்படி முழங்கவில்லை. “செய்யுற பொருள் கடைக்குப் போகட்டும். கடலுக்கு எதுக்குப் போகணும்?” என்றுதான் கேட்டார். ஆனால் கடைக்குப் போகிற மூடியும், யாரோ ஒரு வாய் தண்ணீர் குடித்த பிறகு, கடலுக்குத்தானே போகிறது? மழை விட்ட அன்று அந்தக் கரையில் நான் பொறுக்கிய மூடிகளில் பாதிக்கு மேல் நம் அச்சில் வார்த்தவை. வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருவது, ஒருமுறை பயன்படுத்தி எறிவதை வாங்காமலிருப்பது, இவையெல்லாம் மற்றவர்களுக்கான உபதேசம் என்று நினைத்திருந்தேன். இந்த உணவுக்கூடத்திலிருந்தே தொடங்குவோம். மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரைக்குப் போவோம். அண்ணி வந்தால் அவர் பின்னால் நடப்போம். வராவிட்டாலும் போவோம். மற்ற ஒன்பது ஆலைகளின் சங்கங்களுக்கும் நானே நேரில் போய் நடந்ததைச் சொல்வேன். முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிட்டு, பிறகு அவர்களைக் கேட்பேன்.

இதையெல்லாம் செய்வோம் என்று மேடையில் நின்று உறுதிமொழி எடுப்பது எனக்குக் கைவந்த கலை. அதனால் பெரிய உறுதிமொழி எதையும் இன்றைக்குத் தரமாட்டேன். நாளைக் காலை எட்டு மணிக்குக் குருணை லாரி வருகிறது. சரக்கை இறக்கும் முன் லாரிக்கு அடியில் படுதா விரிக்க வேண்டும். படுதா பெரியது, பிடித்து விரிக்க ஆறு பேர் தேவை. நான் ஒருவன். மீதி ஐந்து பேர் யார்?

வணக்கம்.